கடலடியை அளக்கும் வேலை: இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் கடல்சார் பணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியியல் ஆய்வு மையம் என்றால் மலை, பாறை, சுரங்கம் என்றுதான் நினைக்கிறோம். அதற்குக் கடலில் என்ன வேலை?

1851-இல் தாமஸ் ஓல்ட்ஹாம் தலைமையில் கல்கத்தாவில் இந்த அமைப்பு வேலையைத் தொடங்கியபோது, முதலில் தேடியது நீராவி எஞ்சின்களுக்கு வேண்டிய நிலக்கரியை. ஒன்றேகால் நூற்றாண்டு வரை அதன் வேலை பெரும்பாலும் கரையோடு நின்றது. 1976-இல் வந்த கடல் மண்டலச் சட்டம் நிலைமையை மாற்றியது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, கடலடியில் உள்ள வளங்கள் மீது நாட்டுக்கு உரிமை உண்டு என்று அது சொன்னது. இந்தியாவின் நிலப்பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். அதோடு இன்னும் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடலடி வந்து சேர்ந்தது. அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல அப்போது யாரிடமும் முழுமையான வரைபடம் இருக்கவில்லை.

வரைபடம் போடுவதுதான் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின், அதாவது ஜி.எஸ்.ஐ.யின், அடிப்படை வேலை. கடலிலும் அதையேதான் செய்கிறது: தரை எப்படி இருக்கிறது, அதன்மேல் படிந்திருப்பது மணலா சேறா, அதற்குக் கீழே என்ன, எந்தக் காலத்தில் எங்கிருந்து வந்து படிந்தது. 1980-களில் ஆழ்கடலுக்குச் 'சமுத்திர மந்தன்', கரையோரக் கடலுக்குச் 'சமுத்திர கௌஸ்துப்', 'சமுத்திர சௌதிகாமா' என மூன்று கப்பல்கள் வந்தன. இப்போது ஆழ்கடல் வேலைக்குப் போவது தென் கொரியாவில் கட்டப்பட்ட 'சமுத்திர ரத்னாகர்'. சுமார் 100 மீட்டர் நீளமுள்ள கப்பல் அது. கடல்சார் பிரிவின் தலைமையகம் மங்களூரு.

தேசியக் கடலியல் நிறுவனம், சென்னையில் உள்ள கடல் தொழில்நுட்பக் கழகம், கடற்படையின் நீரளவைத் துறை என்று ஏற்கெனவே பலர் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ஒவ்வொருவரின் கேள்வி வேறு. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் நீரோட்டம், உயிரினம், வேதியியல், கடலடி எல்லாவற்றையும் அறிவியலுக்காக ஆராய்கிறது. 1981-இல் இந்தியாவுக்காக முதல் மாங்கனீசு முடிச்சுகளை (கடலடியில் கிடக்கும் உலோகம் நிறைந்த உருண்டைகளை) எடுத்தது அவர்களுடைய 'கவேஷணி' கப்பல்தான். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கருவி செய்பவர்கள். ஆழ்கடலுக்குள் ஆட்களை இறக்குவதற்கான 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி அவர்களுடைய வேலை. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட நீரளவைத் துறைக்குக் கப்பல் தரை தட்டாமல் போக வேண்டும் என்பதே முதல் கவலை. அதனால் அவர்கள் ஆழத்தையும் ஆபத்தான பாறைகளையும் குறிக்கிறார்கள்.

ஜி.எஸ்.ஐ. சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கடலடியின் மண்ணும் பாறையும் கனிமமும்தான் அதன் பாடம். ஒரே பகுதியை வெவ்வேறு நிறுவனங்கள் தனித்தனியாக அளக்க நேரலாம். தரவைப் பகிர்ந்துகொண்டால் அந்தச் செலவில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து.

200 கடல் மைலுக்கு அப்பால் யாருக்குச் சொந்தம்?

நிலவியல் நேரடியாக எல்லைக்கோட்டைத் தீர்மானிக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல். 200 வரை தனிப் பொருளாதார மண்டலம். அதற்கும் அப்பால் நிலத்தின் இயற்கையான நீட்சி கடலுக்கு அடியில் தொடர்கிறது என்று ஒரு நாடு நிரூபித்தால், அந்தக் கடலடிக்கும் உரிமை கோரலாம். 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை தரும் வழி இது. நிரூபிக்க வேண்டியது வண்டலின் தடிமனை. கண்டச் சரிவு (கரையோரக் கடலடி ஆழ்கடலை நோக்கி இறங்கும் சரிவு) முடியும் அடிவாரத்திலிருந்து ஓர் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதில் குறைந்தது நூற்றில் ஒரு பங்கு தடிமனுக்கு அங்கே வண்டல் இருக்க வேண்டும் என்பது ஒரு விதி.

வங்காள விரிகுடாவுக்கு இந்த விதி பொருந்தவில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரித்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோலப் பரந்து கிடக்கிறது. வடக்கே அதன் தடிமன் பல கிலோமீட்டர். பொதுவிதியைப் போட்டால், தடித்த வண்டலின் பெரும்பகுதி கரையோர நாடுகளின் கைக்கு வெளியே போய்விடும். இலங்கை இதை எடுத்துச் சொன்னது. அதன் பயனாக, விரிகுடாவின் தென்பகுதிக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு உடன்படிக்கையின் இறுதி ஆவணத்தோடு இணைக்கப்பட்டது: வண்டல் 1 கிலோமீட்டர் தடிமன் உள்ள இடம் வரை எல்லைக்கோட்டை நீட்டலாம். இந்தியா தன் கோரிக்கையை 2009-இல் ஐ.நா. ஆணையத்திடம் கொடுத்தது. எந்த ஆழத்தில் வண்டல் முடிந்து பாறை தொடங்குகிறது என்று காட்டும் ஒலியலைப் பதிவுகள்தான் இதற்குச் சாட்சி. பல நிறுவனங்களின் கடல் தரவு சேர்ந்துதான் இப்படி ஒரு கோரிக்கை உருவாகிறது.

பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சூரிய ஒளியே எட்டாதே. கப்பல் எதை வைத்துப் பார்க்கிறது?

ஒலியை வைத்து. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். கப்பலின் அடிவயிற்றிலிருந்து கிளம்பும் ஒலி தரையில் பட்டுத் திரும்ப 4 நொடி ஆனால், ஆழம் 3,000 மீட்டர். பழைய கருவிகள் கப்பலுக்கு நேர் கீழே ஒரு புள்ளியை மட்டும் அளந்தன. இப்போதுள்ள மல்டிபீம் கருவி நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை இருபுறமும் விரித்து அனுப்புகிறது. ஒரே ஓட்டத்தில் ஆழத்தைப்போல மூன்று நான்கு மடங்கு அகலமுள்ள பட்டை பதிவாகிவிடும். கப்பல் இணைகோடுகளில் போய்ப் போய்த் திரும்ப, பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரைபடம் ஆகும்.

கேட்க எளிதாக இருக்கும்; செய்வதில்தான் சிரமம். ஒலியின் வேகம் வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றுக்கும் ஏற்ப மாறும். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர். வேகக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் 3,000 மீட்டரில் 30 மீட்டர் பிழை வரும். அதனால் ஒரு கருவியைக் கீழே இறக்கி, ஆழத்துக்கு ஆழம் வேகம் எவ்வளவு என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். கப்பல் அலையில் ஏறி இறங்குவதையும் சாய்வதையும் வேறொரு உணர்கருவி கணந்தோறும் பதிவு செய்து கழிக்கும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் இந்தத் திருத்தம் எதுவும் போதாது. கோடுகள் பாழாகி மறுபடி ஓட வேண்டிவரும்.

மல்டிபீம் தருவது மேற்பரப்பின் உருவம். மேல்மண்ணுக்குக் கீழே பார்க்க, குறைந்த அதிர்வெண் கொண்ட ஒலியை அனுப்புவார்கள். அது சேற்றை ஊடுருவிப் போய் அடுக்கு அடுக்காகத் திரும்பி வரும். புதையுண்ட ஆற்றுப் பள்ளங்களும் பழைய கடற்கரைகளும் அதில்தான் தெரியும். கப்பலுக்கு வெகுபின்னால் கயிற்றில் கட்டி இழுக்கப்படும் காந்தமானி, அடியில் உள்ள எரிமலைப் பாறைகளைக் காட்டிக்கொடுக்கும். இரும்புக் கப்பலே காந்தமானியைக் குழப்பும் என்பதால்தான் அவ்வளவு தூரம் விட்டு இழுக்கிறார்கள்.

மண் மாதிரி எடுப்பது எப்படி?

மேல்மண் போதும் என்றால், இரண்டு தாடை கொண்ட இரும்புக் கவ்வியை இறக்கினால் போதும். தரையில் பட்டதும் மூடிக்கொண்டு ஒரு வாய் மண்ணை அள்ளிவரும். காலத்தின் வரிசை வேண்டும் என்றால் குழாய் இறக்க வேண்டும்.

நீண்ட எஃகுக் குழாய், தலையில் நூற்றுக்கணக்கான கிலோ ஈயம், உள்ளே பிளாஸ்டிக் உறை, நுனியில் கூர்வாய். அந்த வாய்க்குச் சற்று உள்ளே, இதழ்களைப்போல வளையும் உலோகத் தகடுகள் இருக்கும். சேறு உள்ளே போக வழிவிட்டு, வெளியே வரும்போது மடங்கித் தடுப்பவை அவை. வின்ச் என்ற சுற்று எந்திரத்தின் கம்பி நொடிக்கு 1 மீட்டர் இறங்கினால் 3,000 மீட்டருக்கு 50 நிமிடம் ஆகும். குழாய் தரையில் குத்தியதும் கம்பியின் இழுவிசை சட்டென்று குறையும். திரையில் அந்தச் சரிவைப் பார்த்ததும்தான் தளத்தில் நிற்பவர்கள் மூச்சுவிடுவார்கள். பிறகு மறுபடி 50 நிமிடம் மேலே.

குழாய் தளத்துக்கு வந்ததும் அவசரம் தொடங்கும். உறையை உருவி, 1 மீட்டர் துண்டுகளாக அறுத்து, இரு முனைக்கும் மூடி போட்டு, எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போட வேண்டும். அந்த அம்பு தலைகீழானால் பல்லாயிரம் ஆண்டு வரலாறும் தலைகீழாகிவிடும். அதனால் ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்ப்பார். பின்னர் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பத்திரமாகக் குளிர்அறைக்கு, மறுபாதி ஆய்வுக்கு. பிளந்தவுடன் அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே ஆக்சிஜன் இல்லாமல் சேறு படிந்திருக்கிறது என்று பொருள். பழுப்பு, சாம்பல், பச்சை என்று அடுக்குக்கு அடுக்கு நிறம் மாறும். காற்றுப்பட்டால் அந்த நிறம் சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும். அதனால் நிற அட்டையை வைத்து அங்கேயே ஒப்பிட்டுக் குறித்துவிடுவார்கள்.

மணற்பாங்கான தரையில் இந்தக் குழாய் இறங்காது. அங்கே அதிர்வு கொடுத்து இறக்கும் வேறு கருவி வேண்டும். பாறை என்றால் இரும்புச் சட்டம் கட்டிய சங்கிலிப் பையைத் தரையோடு இழுத்து, உடைந்து வருவதை எடுப்பார்கள்.

அந்தச் சேற்றை ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

சலித்துப் பரல் அளவு பார்ப்பது முதல் வேலை. கனமான கனிமங்களைப் பிரிக்க புரோமோபார்ம் என்ற திரவம் பயன்படும். நீரைவிட அது 2.89 மடங்கு கனம். சாதாரண குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, ஆகவே மிதக்கும். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் அடியில் போய்ப் படியும். அதை எடுத்து உலர்த்தி நுண்ணோக்கியில் எண்ணுவார்கள்.

சேற்றில் ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் ஊசிமுனை அளவுள்ள ஓடுகள் ஏராளம். ஒவ்வொரு இனமும் தனக்கு ஏற்ற வெப்பத்திலும் ஆழத்திலும் வாழ்வதால், எந்த அடுக்கில் எது இருக்கிறது என்பதை வைத்து அன்றைய கடல் எப்படி இருந்தது என்று சொல்லலாம். ஓட்டில் உள்ள கார்பனைக் கொண்டு சுமார் 50,000 ஆண்டு வரை வயதும் கணிக்கலாம்.

இதுவரை என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்?

சுரங்க அமைச்சகம் ஜி.எஸ்.ஐ. கணிப்பாக வெளியிட்டிருக்கும் எண்களைச் சொல்கிறேன். குஜராத், மகாராஷ்டிரக் கடற்பகுதியில் 1,53,996 மில்லியன் டன் சுண்ணாம்புச் சேறு. கேரளத்துக்கு அப்பால் 745 மில்லியன் டன் கட்டுமான மணல். ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு, கேரளம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் கரையோரக் கடலில் 79 மில்லியன் டன் கனதாதுக்கள். கார்வார், மங்களூரு, சென்னைக்கு அப்பால் பாஸ்பேட் படிவுகள். அந்தமான் கடலில் கோபால்ட் கலந்த இரும்பு-மாங்கனீசுப் படலங்கள், லட்சத்தீவுக் கடலில் சிறு மாங்கனீசு முடிச்சுகள். மன்னார், காவிரிப் படுகைகளில் எரிவாயு ஹைட்ரேட் (பனிக்கட்டி போன்ற திடப்பொருளுக்குள் சிக்கிய எரிவாயு) இருப்பதற்கான அறிகுறிகள்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்வது முக்கியம். கனிமத் தேடலை ஜி-4, ஜி-3, ஜி-2, ஜி-1 என்று நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். ஜி-4 என்பது வெகு இடைவெளி விட்டு எடுத்த மாதிரிகளை வைத்துச் சொல்வது. ஜி-1 நெருக்கமாகத் துளையிட்டு உறுதிசெய்தது. கடலில் உள்ள பெரும்பாலான மதிப்பீடுகள் தொடக்கப் படிகளில்தான் நிற்கின்றன. 'கடலுக்கடியில் இத்தனை கோடி டன் புதையல்' என்று செய்தி வந்தால், எடுத்து விற்கத் தயாராக அவ்வளவு கிடக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். எடுக்கும் செலவு, தரம், சூழல் பாதிப்பு எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை.

ஆற்று மணல் எப்படிக் கடலுக்கு நடுவில் போனது?

அது படிந்தபோது அங்கே கடல் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலக நீரில் ஒரு பகுதி வடக்கே பனிப்பாளங்களாக உறைந்து நின்றது. கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. ஆறுகள் இன்றைய கரையைத் தாண்டி, கண்டத் திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின்) மீது ஓடிப் போய்க் கடலில் கலந்தன. பனி உருகி நீர் ஏறியபோது அவற்றின் மணல்திட்டுகளும் கழிமுகங்களும் கடற்கரைகளும் அப்படியே மூழ்கின. ஏற்றம் சில காலம் தணிந்து நின்ற ஆழங்களில் கடற்கரைகள் வரிவரியாகத் தங்கிவிட்டன.

இதனால் ஒரு விளைவு உண்டு. இந்த மணல் இன்றைய ஆறுகள் கொண்டுவந்து நிரப்பும் மணல் அல்ல. எடுத்தால் திரும்ப வராது.

அப்படியென்றால் குமரிக்கண்டம் உண்மைதானா? கடலாய்வில் ஏதாவது தெரிந்ததா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. இதை ஒதுக்கிவிட்டுப் போவது சரியல்ல, அதனால் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன்.

நிலம் கடலுக்குள் போனது உண்மை. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்று மீனவர்கள் நன்றாக அறிந்த ஆழம் குறைந்த திட்டு இருக்கிறது. கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது குமரிக்கரை இன்றைய இடத்தில் இல்லை. பல பத்துக் கிலோமீட்டர் தெற்கே தள்ளி இருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம். ஆகவே தமிழ்நாடும் இலங்கையும் அப்போது ஒரே நிலம். நீர் ஏறி இன்றைய மட்டத்தை நெருங்கியது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான். சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவில் ஏற்றம். சமதளமான கரையில் ஒரு மனிதரின் ஆயுளுக்குள்ளேயே கண்ணெதிரில் நிலம் கரைந்துபோகும் வேகம் அது. கடல் கொண்ட நிலம் பற்றிய நினைவுகள் பல கரையோர மக்களிடம் இருப்பதில் வியப்பில்லை.

ஆனால், தெற்கே ஆஸ்திரேலியாவையும் மடகாஸ்கரையும் தொடும் பெருங்கண்டம் ஒன்று மூழ்கியது என்பதைக் கடலடி மறுக்கிறது. கண்டப் பாறை இலகுவானது, 30 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. பெருங்கடல் தரை கனமான பசால்ட், சுமார் 7 கிலோமீட்டர் தடிமன். இந்தியாவுக்குத் தெற்கே ஆழ்கடலில் இருப்பது இரண்டாவது வகை. ஈர்ப்பு, காந்தம், ஒலியலை மூன்றுமே அதைத்தான் காட்டுகின்றன. கண்டங்கள் விலகியபோது புதிதாகப் பிறந்த தரை அது. இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் லெமூர் இனத்தின் உறவுகள் இருப்பதை விளக்கத்தான் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் 'லெமூரியா' என்ற மூழ்கிய கண்டத்தை முன்வைத்தார். கண்ட நகர்வு தெரிந்த பிறகு அந்தக் கருத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. நம் பழைய கரையைத் தேட வேண்டிய இடம் கண்டத் திட்டு. அங்கே தேட இன்னும் நிறைய இருக்கிறது.

ஜி.எஸ்.ஐ. அளந்துவிட்டால் அடுத்து மணல் அள்ளும் கப்பல் வரும் என்கிறார்களே மீனவர்கள்?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கடற்பகுதிக் கனிமச் சட்டம் 2002-இல் வந்தது. 2023-இல் திருத்தப்பட்டு ஏலமுறை கொண்டுவரப்பட்டது. 2024 நவம்பரில் முதல் சுற்றாக 13 தொகுதிகள் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டன: குஜராத்துக்கு அப்பால் 3 சுண்ணாம்புச் சேற்றுத் தொகுதிகள், கொல்லத்துக்கு அப்பால் 3 கட்டுமான மணல் தொகுதிகள், கிரேட் நிக்கோபாருக்கு அப்பால் 7 பல்உலோக முடிச்சு-படலத் தொகுதிகள். இந்தத் தொகுதிகளுக்கு அடிப்படை ஜி.எஸ்.ஐ. தரவு. கொல்லம் பரப்பு கேரளத்தின் மிக வளமான மீன்பிடித் தளங்களில் ஒன்று. 2025 பிப்ரவரியில் கேரளக் கரையோரம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது. மார்ச்சில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. கடலடிக் கனிமம் அரசியல் சாசனத்தின் 297-ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசுக்கு உரியது. கிடைக்கும் உரிமைத்தொகையும் அங்கேதான் போகும். பாதிப்பு எங்களுக்கு, வருமானம் இன்னொருவருக்கா என்ற கேள்வி நியாயமானது.

கனிமம் இருப்பதைக் கண்டறிவது வேறு, எடுப்பது வேறு. ஜி.எஸ்.ஐ. ஏலம் விடுவதில்லை, தோண்டுவதும் இல்லை. ஆனால் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வதும் முறையாகாது. ஒரு தொகுதியில் எத்தனை டன் மணல் என்று அளக்கும் அதே ஓட்டத்தில், அந்த மணலின் மேல் என்ன உயிர் வாழ்கிறது, கலக்கினால் சேறு எந்தப் பக்கம் ஓடும், எந்தப் பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு) மூடிப்போகும் என்பதையும் அளக்க முடியும். ஏலத்துக்கு முன்பே அந்த அறிக்கை அந்தந்த ஊர் மொழியில் துறைமுகத்துக்குத் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். எந்த ஆழத்தில் எந்தப் பார் இருக்கிறது, எந்த மாதத்தில் அங்கே எந்த மீன் வரும் என்று பாகக் கணக்கில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) சொல்லக்கூடியவர்கள் மீனவர்கள். அவர்கள் அறிவையும் வரைபடத்தில் ஏற்றாமல் போட்ட கடலடி வரைபடம் குறையுள்ளது என்றே நான் கருதுகிறேன்.

ஆழ்கடல் முடிச்சுகள் விஷயத்தில் இன்னும் நிதானம் தேவை. அவை பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன.

தாதுமணல், தோரியம் எல்லாம் கடலிலும் தனியாருக்குப் போகுமா?

மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுக்கனிமம். 2023 திருத்தத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அணுக்கனிமம் உள்ள கடற்பகுதிகளில் அரசோ அரசு நிறுவனங்களோ மட்டுமே கனிமம் எடுக்கலாம்.

ஆய்வே மீனுக்குக் கெடுதல் செய்யாதா?

கவ்வியும் குழாயும் எடுப்பது மிகச் சிறிய அளவு. அந்த இடத்துப் புழு, நத்தைகளைத் தவிரப் பாதிப்பு இல்லை. சங்கிலிப் பையை இழுப்பது தரையைக் கீறும், அதைப் பவளப் பாறைகள் உள்ள இடத்தில் செய்யக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் இதற்குத் தெளிவான உதாரணம். ஒலியைப் பொறுத்தவரை, எண்ணெய்த் தேடலில் பயன்படும் காற்றுத் துப்பாக்கிகள் எழுப்பும் பலத்த ஒலி திமிங்கிலங்களைத் தொந்தரவு செய்யும் என்பது தெரிந்ததே. ஆழம் அளக்கும் கருவிகளின் ஒலி அதைவிட வெகுவாகக் குறைந்தது.

பெட்ரோல் தேடுகிறார்களா?

இல்லை. அது ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களின் வேலை. 2002 சட்டத்திலும் எண்ணெய், எரிவாயு சேராது.

சுனாமி, எரிமலை போன்றவற்றுக்கு இந்த ஆய்வு உதவுமா?

எச்சரிக்கை கொடுப்பது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம். அங்கே சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 முதல் இயங்குகிறது. ஆனால் அலை கரைக்கு எப்போது வரும், எந்த ஊரில் எவ்வளவு உயரும் என்ற கணக்கு கடலடியின் உருவத்தில்தான் நிற்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 10 மீட்டர் ஆழத்தில் அது 36 கிலோமீட்டராகக் குறையும். குறைந்த வேகத்துக்கு ஈடாக அலை உயர்ந்து எழும். கரையோர ஆழம் தவறாக இருந்தால் அந்தக் கணக்கும் தவறும்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஜி.எஸ்.ஐ. குழுக்கள் தமிழகக் கரையிலும் அந்தமானிலும் நீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, எவ்வளவு உயரம் ஏறியது என்று அளந்தன. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையில் தரையே சுமார் 4 மீட்டர் தாழ்ந்துவிட்டது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகத்தில் கடல் புகுந்தது. கழிமுகச் சேற்றில் இடையிடையே கிடக்கும் மெல்லிய மணல் அடுக்குகள் பழைய சுனாமிகளின் தடயமாக இருக்கக்கூடும். அவற்றின் வயதைக் கணித்தால் இப்படிப்பட்ட அலை எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று தெரியும். பாதுகாப்புத் திட்டத்துக்கு இதைவிட உபயோகமான தகவல் குறைவு.

எரிமலை என்றால் அந்தமான் கடலில் உள்ள பாரன் (Barren) தீவு. இந்தியாவில் இயங்கும் ஒரே எரிமலை. 1991-இல் மீண்டும் உயிர்பெற்றது. நீருக்கு மேலே 354 மீட்டர்தான் தெரிகிறது. நீருக்கு அடியில் 2 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது.

தரவு பொதுமக்களுக்குக் கிடைக்குமா?

பெரும்பகுதி கிடைக்கும். ஜி.எஸ்.ஐ.யின் 'பூகோஷ்' தளத்தில் பதிவு செய்துகொண்டால் வரைபடங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் திறக்கப்பட்டது. பாதுகாப்புக் காரணத்தால் துல்லியமான ஆழத் தரவு சில இடங்களில் தரப்படுவதில்லை. தமிழில் ஒரு விளக்கக் குறிப்பாவது இருந்தால் கரையோரப் பள்ளிகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் பயன்படும்.

இந்த வேலையில் சேர என்ன படிக்க வேண்டும்?

நிலவியல், புவி இயற்பியல், வேதியியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் முதுநிலைப் பட்டம். யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு எழுத வேண்டும். தேர்வானவர்களுக்கு ஐதராபாத்தில் உள்ள ஜி.எஸ்.ஐ. பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி. முதலில் நிலத்தில் வேலை, பிறகு கடல் பிரிவு என்று மாற்றல் வரலாம். பெண் விஞ்ஞானிகளும் கப்பலில் போகிறார்கள். நீச்சல் தெரியாவிட்டாலும் கடல் நோய் வந்தாலும் தகுதி போய்விடாது. கப்பலில் கடல் நோய் வராதவர்களே குறைவு.

வலையில் வித்தியாசமான கல்லோ கறுப்பு உருண்டையோ வந்தால் என்ன செய்வது?

கடலில் திரும்பப் போட்டுவிடாதீர்கள். இழுவை வலைகளில் பாஸ்பேட் கட்டிகள், பழைய பவளப் பாறைத் துண்டுகள், சில சமயம் மரக்கட்டைகூட வரும். வலை இழுத்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணையும், ஆழம் எத்தனை பாகம் என்பதையும், தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். ஒட்டியிருக்கும் சேற்றிலும் தகவல் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி, மீன்வளத் துறை அலுவலகம் வழியாகவோ நேரடியாகவோ சென்னையில் உள்ள ஜி.எஸ்.ஐ. அலுவலகத்துக்கோ, அருகில் நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கோ கொடுக்கலாம். இடம் தெரியாத கல்லை வைத்து அதிகம் சொல்ல முடியாது. அதனால் கல் கை தவறினாலும் பரவாயில்லை, அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.